பைதனின் பாத்லிப்: நினைவு மலர் பைல்களோடு இரண்டு வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பைதன் நிரல்மொழியில் பைல் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நல்ல லைப்ரரி. பைதனில் பைலையோ போல்டரையோ தொடும் எவரும் அதைத்தான் பாவிக்க வேண்டும், ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுப்பேன். அந்த ஐந்தாவது ஏன் குறைந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதை விளங்கிக்கொள்ளாமல் "பாத்லிப் போட்டாயிற்று, இனிப் பயமில்லை" என்று இருந்துவிட்டால் பின்னால் வரும் கரைச்சல் சின்னது இல்லை. அதிலும் தமிழ்ப் பெயர் வைத்த பைல்கள் வந்து விழும் இடத்தில் வேலை செய்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் மூன்று பேர், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில் இருந்து வேலை செய்கிறோம். கையில் உள்ள வேலைகளில் ஒன்று கொழும்பில் உள்ள ஓர் அச்சகத்துக்குச் செய்துகொடுத்த பதிவேற்றத் தளம். கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், இவை எல்லாவற்றையும் விட அதிகமாக, ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கான நினைவு மலர். ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பம்பலப்பிட்டியில் என்று இருப்பார்கள், ஆளுக்கொரு போனிலிருந்தும் கணினியிலிருந்தும் படங்களும் பிடிஎஃப்களும் அனுப்புவார்கள். பைலுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், மூன்றும் கலந்து, எப்படி வந்தாலும் வாங்கத்தான் வேண்டும்.

தளம் ஓடத் தொடங்கி மூன்றாம் மாதம், ஒரு குடும்பம் தங்கள் அம்மாவின் மலருக்கு அட்டைப் படத்தை அனுப்பியது. பைலின் பெயர் "எங்கள் அன்புத் தெய்வம் அம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலர் முன் அட்டை இறுதித் திருத்தம்". அதே பின்னேரம் இன்னொரு குடும்பமும் தங்கள் மலரை அனுப்பியது, அந்தப் பெயரிலும் "31ஆம் நாள்" இருந்தது. அடுத்த நாள் புரூஃப் பார்க்க வந்த மகன் தாளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கட அம்மா இல்லை" என்றாராம். அச்சுக்குப் போகும் முன்னரே பிடிபட்டது, அவர்களிடம் மூலப் பைல் இருந்தது, திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆனால் அந்த வசனத்தை அச்சகத்துக்காரர் போனில் எனக்குச் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிழை எங்களுடையது. பைதனில் வலைத்தளம் எழுத ஃபிளாஸ்க் பாவிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதன் அடியில் உள்ள வெர்க்ஸொய்க் லைப்ரரியில் செக்யூர் பைல்நேம் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது, பைல் பெயரைக் கொடுத்தால் ஆபத்தான எழுத்துகளை எடுத்துவிட்டுத் திருப்பித் தரும். அது எதை ஆபத்து என்று எடுக்கிறது என்றால், ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, சிறு கோடு, அடிக்கோடு தவிர்ந்த எல்லாவற்றையும். அதன் ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: திரும்பி வருவது ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி மட்டும், வெறும் பெயராகவும் வரலாம், பெயர் ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. நாங்கள் அதை வாசிக்காமல் பாவித்தோம். மேலே சொன்ன அந்த நீளமான பெயர் அதற்குள் போய் வெளியே வரும்போது "31_.பிடிஎஃப்" ஆகிவிடுகிறது. தமிழ் முழுவதும் போய் இலக்கம் மட்டும் மிஞ்சுகிறது. ஆக எங்களிடம் வந்த 31ஆம் நாள் மலர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பிறகு வந்தது முதல் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அன்றுதான் அந்தப் பகுதியைப் பிய்த்துப்போட்டு பாத்லிப்பை வைத்துத் திரும்ப எழுதத் தொடங்கினோம். அதற்கு முன்னரும் அங்கொன்று இங்கொன்றாகப் பாவித்திருக்கிறோம், வடிவாகப் பழகியது இந்த இரண்டு வருடத்தில்தான்.

தெரியாதவர்களுக்கு: இது தனியாக நிறுவ வேண்டிய பொருள் இல்லை, பைதனோடு சேர்ந்தே வருகிறது. அன்ட்வான் பித்ரூ எழுதிய பெப் 428 முன்மொழிவிலிருந்து 2014இல் 3.4 வேர்ஷனோடு உள்ளே வந்தது. அதற்கு முன்பு பைல் பாதை என்றால் வெறும் ஸ்ட்ரிங் (எழுத்து வரிசை), ஓஎஸ் டொட் பாத் என்ற பழைய தொகுதியில் உள்ள பங்ஷன்களால் அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். பாத்லிப் அதை ஒரு ஒப்ஜெக்ட் ஆக்கியது. பெயர் வேறு, தாய் போல்டர் வேறு, பின்னொட்டு வேறு, ஒவ்வொரு துண்டும் தனித்தனி.

இது வசதிக்காக மட்டும் செய்த காரியம் இல்லை. பாதையை ஸ்ட்ரிங்காக நினைப்பதில்தான் பாதிப் பிழை வருகிறது. பலர் எழுதும் ஒரு சோதனையை எடுங்கள்: பதிவேற்றங்கள் "/தரவு/மலர்" என்ற போல்டருக்குள் மட்டும் போக வேண்டும், ஆகவே கிடைத்த பாதை "/தரவு/மலர்" என்று தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்தால் சரிபோலத்தான் இருக்கும். பக்கத்தில் "/தரவு/மலர்-பழையது" என்று ஒரு போல்டர் இருந்தால் அதுவும் அந்தச் சோதனையில் தேறிவிடும், எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அதுவும் அப்படித்தானே தொடங்குகிறது. பழைய தொகுதியில் உள்ள கொமன் பிரிஃபிக்ஸும் இதே பிழையைச் செய்யும், அது எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது, போல்டரை இல்லை. பாத்லிப்பில் 3.9இலிருந்து உள்ள இஸ் ரிலேட்டிவ் டு துண்டு துண்டாக ஒப்பிடுகிறது, "மலர்" வேறு "மலர்-பழையது" வேறு என்று அதற்குத் தெரியும். இதற்காக மட்டுமே நான் இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

இரண்டு பாதைகளைச் சேர்க்க பாத்லிப்பில் வகுத்தல் குறியையே, அதாவது சாய்கோட்டையே பாவிக்கலாம். அழகான யோசனை, கோட் வாசிக்க இலகு, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் முதலில் பிடித்ததே அதுதான். ஆனால் வலது பக்கம் வரும் துண்டு சாய்கோட்டோடு தொடங்கினால், அதாவது முழுப் பாதையாக இருந்தால், இடது பக்கம் இருந்தது முழுவதும் போய்விடும். "/தரவு/மலர்" உடன் "/வீடு/சாவி" என்பதைச் சேர்த்தால் கிடைப்பது "/வீடு/சாவி" மட்டும். எச்சரிக்கை வராது, பிழைச் செய்தி வராது. இது தவறுதலாக நேர்ந்தது இல்லை, கட்டளைகள் தட்டும் ஷெல்லில் ஒவ்வொரு போல்டராக ஏறி இறங்குவதைப் போல நடக்க வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்தது, ஆவணத்திலும் இருக்கிறது, பழைய ஜொயின் பங்ஷனும் இப்படித்தான். சரி, ஆனால் வெளியாள் ஒருவர் அனுப்பும் பெயரை வலது பக்கத்தில் வைக்கும் ஒருவருக்கு இது திறந்து கிடக்கும் கதவு. பாத்லிப் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, "இந்தப் போல்டருக்குள் மட்டும் சேர், வெளியே போனால் பிழை சொல்" என்று ஒரு சேர்க்கும் முறை இன்னும் அதில் இல்லை. நான் குறைத்த அந்த ஒரு புள்ளி முழுக்க இதற்குத்தான். வெர்க்ஸொய்க்கில் சேஃப் ஜொயின் என்று இருக்கிறது, வெளியே போகும் பாதை என்றால் நன், அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பித் தரும். கோ என்ற இன்னொரு நிரல்மொழியில் 2023இல் வந்த 1.20இல் பாதை உள்ளூரா என்று கேட்கும் இஸ் லோக்கலையும், 2025இல் வந்த 1.24இல் ஒரு போல்டரை வேராக வைத்து அதற்கு வெளியே போகவே விடாத ஓஎஸ் ரூட்டையும் மொழியோடே கொடுத்துவிட்டார்கள். பைதனில் இதை ஒவ்வொருவரும் தாங்களே எழுத வேண்டியிருக்கிறது, எழுதும் பத்துப் பேரில் சிலர் பிழையாக எழுதத்தான் செய்வார்கள்.

அடுத்தது இரட்டைப் புள்ளி, ஒரு போல்டர் மேலே போ என்று அர்த்தம். பாதைக்குள் இரட்டைப் புள்ளியை வைத்தால் பாத்லிப் அதைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் இதைக் குறை என்று நினைப்பார்கள், நானும் நினைத்தேன், ஆனால் இது அதன் நேர்மை. "/தரவு/மலர்" என்பது உண்மையில் வேறொரு டிஸ்க்கில் உள்ள போல்டருக்குப் போகும் குறுக்குவழியாக, அதாவது சிம்லிங்காக, இருக்கலாம், அப்போது அங்கிருந்து ஒரு படி மேலே போனால் நீங்கள் நிற்பது "/தரவு" இல்லை, அந்த டிஸ்க்கில் எங்கோ. டிஸ்க்கைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய நோர்ம்பாத் கேட்காமலே சுருக்கிவிடும். பாத்லிப்பில் ரிசொல்வ் என்று கூப்பிட்டால் அது போய் டிஸ்க்கைக் கேட்டு, சிம்லிங்குகளை எல்லாம் அவிழ்த்து, உண்மையான முகவரியைக் கொண்டுவரும்.

இங்கேதான் மேலே நான் புகழ்ந்த இஸ் ரிலேட்டிவ் டுவின் மறுபக்கம். அது டிஸ்க்கைப் பார்ப்பதில்லை, இரட்டைப் புள்ளிக்கு விசேஷ அர்த்தமும் கொடுப்பதில்லை. "/தரவு/மலர்/../சாவி" என்பது "/தரவு/மலர்"க்குள் இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்று சொல்லும், முதல் இரண்டு துண்டும் பொருந்துகிறதே. ஆகவே ஒழுங்கு முக்கியம்: சேர்க்க வேண்டும், பிறகு ரிசொல்வ், அதன் பிறகுதான் உள்ளேயா வெளியேயா என்று கேட்க வேண்டும், அடிப்போல்டரையும் அதேபோல ரிசொல்வ் செய்தே ஒப்பிட வேண்டும். எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் முதல் வாரம் இதை மாற்றி எழுதியிருந்தார், சோதனை முதலில், ரிசொல்வ் பிறகு. எல்லா டெஸ்டும் பச்சை காட்டியது. கோட்டை மேலோட்டமாக வாசித்தால் ஒரு குறையும் தெரியாது, தேவையான எல்லாச் சொற்களும் அதில் இருந்தன.

இதெல்லாம் எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2021இல் அப்பாச்சி வலைச் சேர்வரின் 2.4.49 வேர்ஷனில் இதே பிழை வந்தது. இரட்டைப் புள்ளியில் ஒரு புள்ளியை விழுக்காட்டுக் குறியீட்டில் (எழுத்தை விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக முகவரியில் எழுதும் முறை) மறைத்து எழுதினால் சோதனையைத் தாண்டிப் போகும். அவசரமாக 2.4.50 விட்டார்கள், அதையும் இரண்டு தரம் குறியீடு செய்து தாண்டினார்கள், பிறகு 2.4.51. உலகத்தில் அதிகம் பாவிக்கப்படும் சேர்வர்களில் ஒன்றுக்கே ஒரே மாதத்தில் இரண்டு தரம் திருத்த வேண்டி வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், வலைச் சட்டகம் ஒரு தரம் குறியீட்டை அவிழ்த்துத் தந்த பெயரை நாங்கள் இன்னொரு தரம் அவிழ்ப்பதில்லை. தமிழில் இதற்கு ஆசை அதிகம் வரும், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக நீண்டு பார்க்கவே அருவருப்பாக இருக்கும், "இதை ஒருக்கால் அவிழ்த்துவிடுவோம்" என்று கை தானாகப் போகும். போகவிடாதீர்கள்.

பாத்லிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் கவனிக்காத பகுதியும் கூட, அதன் தூய வகைகள். டிஸ்க்கைத் தொடாமல் பெயரை மட்டும் ஆராய்பவை, லினக்ஸ் முறைக்கு ஒன்று, விண்டோஸ் முறைக்கு ஒன்று. எங்கள் சேர்வர் லினக்ஸ், அனுப்புபவர்களில் பாதி விண்டோஸ். பின்சாய்கோடு லினக்ஸில் சாதாரண எழுத்து, விண்டோஸில் போல்டர் பிரிக்கும் குறி. லினக்ஸ் கண்ணால் மட்டும் பார்த்தால் "..\..\அட்டை" என்பது விசித்திரமான ஒரே பெயர், ஆபத்து தெரியாது, அந்தப் பைல் பிறகு அச்சகத்து விண்டோஸ் கணினிக்குப் போகும்போதுதான் தெரியும். ஆகவே வரும் பெயர் எதுவானாலும் முதலில் பியூர் விண்டோஸ் பாத்தில் போட்டு அதன் நேமை (பாதையின் கடைசித் துண்டை) மட்டும் எடுக்கிறோம். அது இரண்டு வகைச் சாய்கோட்டையும் பிரிக்கும், "சி:" போன்ற டிரைவ் எழுத்தையும் கழற்றிவிடும், லினக்ஸிலும் குறையில்லாமல் ஓடும். ஒன்று மட்டும் கவனியுங்கள், வெறும் இரட்டைப் புள்ளியைக் கொடுத்தால் நேமும் இரட்டைப் புள்ளியாகத்தான் வரும், வேரைக் கொடுத்தால் வெறுமையாக வரும், இந்த இரண்டையும் நீங்களே தனியாக மறுக்க வேண்டும். அத்தோடு கொன், நுல், பிஆர்என், ஒக்ஸ், கொம்1 போன்ற ஒதுக்கப்பட்ட பெயர்களும், பெயருக்கு நடுவே முக்காற்புள்ளியும் விண்டோஸில் ஆகாது. எங்களுக்கு வரும் பைல்களில் "கிரியை காலை 9:30" என்பது போன்ற பெயர்கள் நிறைய, லினக்ஸில் வைக்க விடுகிறது, விண்டோஸில் விடாது.

இப்போது தமிழ். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த விமர்சனத்திலும் நான் கண்டதில்லை, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"கொழும்பு" என்று ஒரு போல்டர் வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். அந்தக் "கொ"வின் உயிர்மெய்க் குறி யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம், ஒரே குறியாக ஒன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக மற்றது. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஒருவிதத்தில் எழுதினால் யூடிஎஃப்-8 என்ற சேமிப்புக் குறியாக்கத்தில் 24 பைட், மற்ற விதத்தில் 27 பைட். லினக்ஸுக்குப் பைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, ஆகவே இரண்டும் இரண்டு பைல். பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பைல் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைத்திருக்கும், அங்கிருந்து வந்த சிப் பைலுக்குள் உள்ள "கொழும்பு" எங்கள் சேர்வரில் உள்ள "கொழும்பு" இல்லை. ஒரு முழு நாள் "பைல் கண்முன்னே இருக்கிறது, கோட் இல்லை என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான். பாத்லிப் இதில் கை வைப்பதில்லை, இரண்டு பாத்தும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். பெயர் உள்ளே வந்தவுடன் யூனிகோட்டேட்டா தொகுதியின் நோமலைஸைக் கூப்பிட்டு என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், மற்றச் சோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகு. சிங்களத்திலும் இப்படிப் பிரியும் உயிர்க்குறிகள் உண்டு, அதே மருந்து அதற்கும் வேலை செய்யும்.

ஆனால் ஸ்ரீக்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. யூனிகோடில் அதைத் தொடங்க இரண்டு மெய்கள் உண்டு, ஒன்று நாங்கள் வழக்கமாகத் தட்டும் ஸ, மற்றது பிறகு சேர்க்கப்பட்ட ஶ. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ஸ்ரீயாகத்தான் தெரியும். இவை இரண்டு வேறு எழுத்துகள் என்பதால் என்எஃப்சி ஒன்றாக்காது. எங்கள் ஊரில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கையால் ஒரு வரி எழுதி ஒன்றாக்குகிறோம், தேடும்போதும் அதே வரி ஓடுகிறது.

அப்புறம் நீளம். எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் பைல் முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆக 85 குறிதான், அதிலும் புள்ளி, கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனிக் குறிகள். அந்த நினைவு மலர் பைலின் பெயரை எண்ணிப் பார்த்தோம், பின்னொட்டோடு 230 பைட். தனியாகப் பார்த்தால் தப்பித்துவிடும். பெயர்கள் மோதக் கூடாது என்று நாங்கள் முன்னால் 36 எழுத்து யூயூஐடியும் (தனித்த அடையாளக் குறி) ஓர் அடிக்கோடும் ஒட்டினோம், 267 ஆகிவிட்டது, பெயர் நீளம் என்று லினக்ஸ் மறுத்துவிட்டது. விண்டோஸின் பைல் முறைமையான என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணுவதில்லை, 255 யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது, ஆகவே தம்பியின் விண்டோஸ் மடிக்கணினியில் அதே பெயர் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. பாத்லிப் இதை முன்கூட்டிச் சொல்லாது, பைலைத் திறக்கப் போகும்போதுதான் பிழை வெடிக்கும். பெயரை யூடிஎஃப்-8 ஆக்கி நீளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். வெட்ட வேண்டி வந்தால் ஒரு குறியின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டிவிடாதீர்கள், பிறகு பெயர் யூடிஎஃப்-8 ஆகவே இருக்காது.

பின்னொட்டு விஷயத்தில் எங்கள் ஆட்களின் முதலெழுத்துகள் ஒரு பொறி. "கே.எஸ்.நாதன்" என்று பெயரிட்டு, பின்னொட்டே இல்லாமல் ஒரு படம் வந்தால், பாத்லிப் அதன் சஃபிக்ஸ் ".நாதன்" என்று சொல்லும், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதுதானே பின்னொட்டு. சரி, ஜேபெக் ஆக்குவோம் என்று வித் சஃபிக்ஸ் போட்டால் "கே.எஸ்.ஜேபெக்" வரும், நாதன் காணாமல் போய்விடுவார். நாங்கள் இப்போது ஏற்றுக்கொள்ளும் பின்னொட்டுகளை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறோம், அதில் இல்லாதது எதுவானாலும் அது பெயரின் பகுதி, தொடுவதில்லை. பைல் உண்மையில் என்ன வகை என்பதைப் பின்னொட்டை நம்பாமல் உள்ளடக்கத்தின் முதல் பைட்டுகளைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

பாமினி எழுத்துருவில் இன்னும் வேலை செய்யும் அச்சகங்களோடு பழகியவர்களுக்கு இன்னொன்று. பாமினியில் தட்டிய சொல்லைப் பைல் பெயராக ஒட்டினால் அது ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் அரைப்புள்ளியாக வரும், தமிழ் என்ற ஒரு சொல்லிலேயே கடைசியில் ஒன்று நிற்கும். அரைப்புள்ளி லினக்ஸ் ஷெல்லில் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். படத்தைச் சிறிதாக்க ஒரு வெளி நிரலைக் கூப்பிடும்போது பெயரை ஒரே கட்டளை ஸ்ட்ரிங்காக ஒட்டி ஷெல்லுக்குக் கொடுத்தால் என்ன ஓடும் என்று யாருக்கும் தெரியாது. வெளி நிரல்களை ஓட்டும் சப்புரொசெஸ் தொகுதிக்கு ஷெல் இல்லாமல், ஒரு லிஸ்ட்டாகக் கொடுங்கள், பாத் ஒப்ஜெக்டையே அந்த லிஸ்ட்டில் அப்படியே வைக்கலாம்.

சிப் பைல்களைப் பற்றிச் சுருக்கமாக. 2018இல் சிப் ஸ்லிப் என்ற பெயரில் பெரிதாகப் பேசப்பட்ட பிழை, சிப்புக்குள் இருக்கும் பைலின் பெயரிலேயே இரட்டைப் புள்ளி வைத்து வெளியே எழுத வைப்பது. பைதனின் சிப்பைல் தொகுதி தன் எக்ஸ்ட்ராக்ட்டில் அவற்றை நீக்கிவிடுகிறது. சிப் போன்ற இன்னொரு பொதியான டார் பைல் அப்படி இல்லை, 2007இலேயே சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்கான பதிவு எண்) கொடுக்கப்பட்ட குறை அது, 2023இல்தான் அதற்கு வடிகட்டி வந்தது, பாதுகாப்பான வடிகட்டி தானாகவே இயங்கத் தொடங்கியது 2025இல் வந்த 3.14இல். நாங்கள் டார் வாங்குவதையே நிறுத்திவிட்டோம், நினைவு மலருக்கு டார் அனுப்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

கடைசியாக இருக்கும் இடைவெளி, ரிசொல்வ் செய்து சோதித்த நேரத்துக்கும் பைலைத் திறக்கும் நேரத்துக்கும் நடுவில் யாராவது அந்த இடத்தில் ஒரு சிம்லிங்கை வைத்துவிட்டால் சோதனை வீண். லினக்ஸ் கேர்னலில் 2020இல் வந்த 5.6இலிருந்து ஓப்பன்அட்2 என்று ஓர் அழைப்பு இருக்கிறது, இந்தப் போல்டருக்குக் கீழே மட்டும் திற என்று கேர்னலிடமே சொல்லிவிடலாம். பாத்லிப் அதைத் தொடுவதில்லை. பதிவேற்றப் போல்டரில் எங்கள் நிரலைத் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி அனுமதிகளை இறுக்கி வைத்திருக்கிறோம், எங்கள் அளவுக்கு அது காணும். பல பேர் ஒரே சேர்வரில் வேலை செய்யும் இடமென்றால் காணாது.

இவ்வளவும் செய்து கடைசியில் நாங்கள் வந்து நின்ற இடம்: டிஸ்க்கில் சேமிக்கும் பெயர் யூயூஐடி மட்டும், வாடிக்கையாளர் வைத்த பெயர் தரவுத்தளத்தில், ஓர் எழுத்தும் மாறாமல். அதைப் பைல் பெயராகப் பாவிக்கும் ஒரே இடம், வடிவமைப்பாளர்கள் விண்டோஸில் திறக்கும் வேலைப் போல்டர். அவர்களுக்கு யூயூஐடியைக் காட்டினால் எது யாருடைய அம்மா என்று எப்படித் தெரியும்? அங்கே மட்டும் மேலே சொன்ன சுத்திகரிப்பு முழுவதும் ஓடுகிறது, பைலை எக்ஸ் என்ற திறக்கும் முறையில் உருவாக்குகிறோம், அந்தப் பெயரில் ஏற்கெனவே பைல் இருந்தால் பைதன் எழுத மறுத்துப் பிழை எறியும். பாத்லிப்பின் ஓப்பனிலும் அந்த எக்ஸ் வேலை செய்கிறது. ரைட் டெக்ஸ்ட், ரைட் பைட்ஸ் இரண்டிலும் அந்த வசதி இல்லை, கேட்காமல் மேலே எழுதிவிடும், ரிநேமும் லினக்ஸில் அப்படித்தான். முதல் நாளே எக்ஸ் போட்டிருந்தால் அந்த மகன் அன்று வேறொருவரின் அம்மாவைப் பார்த்திருக்க மாட்டார்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் 3.9க்குக் கீழே போகாதீர்கள், இஸ் ரிலேட்டிவ் டு இல்லாமல் இதை எழுதுவது வீண் சிரமம். 3.12இலிருந்து போல்டர் போல்டராக நடக்கும் வோக்கும் பாத்லிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. இலட்சக்கணக்கான பைல்களை ஒரே சுற்றில் ஓட்டுபவர்களுக்கு ஸ்ட்ரிங்கை விட பாத் ஒப்ஜெக்ட் கொஞ்சம் மெதுவாகத் தெரியும், எங்கள் அளவுக்கு அது கவனத்துக்கே வரவில்லை. டெஸ்டுகளில் கட்டாயம் வைக்க வேண்டிய பெயர்கள்: வெறும் இரட்டைப் புள்ளி, சாய்கோட்டில் தொடங்குவது, பின்சாய்கோடு உள்ளது, பிரித்த வடிவில் "கொழும்பு", இரண்டு விதமான ஸ்ரீ, பின்னொட்டில்லாத "கே.எஸ்.நாதன்", 255 பைட்டைச் சரியாக ஒன்று தாண்டும் ஒரு தமிழ்ப் பெயர். எங்கள் டெஸ்டு பைலில் இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் டெஸ்டாக, இரண்டு வேறு குடும்பங்களிலிருந்து "31ஆம் நாள் நினைவு மலர்" என்ற ஒரே பெயரில் இரண்டு பைல்கள் வருகின்றன, இரண்டும் இருக்க வேண்டும்.